கற்களைச் சோதித்த மேரி கியூரி அம்மையார்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேடைக்குக் கிரானைட் பலகை பதித்தார்கள். சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் புள்ளி புள்ளியாக, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. ஆனால் எங்கள் ஆச்சி அதன்மேல் ஒரு செம்பைக்கூட வைக்க மறுத்துவிட்டார். அந்தக் கல்லிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருகிறதென்றும், அது உடம்புக்கு ஆகாதென்றும் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடப்புத்தகத்தில் கதிரியக்கம் என்று படித்தது நினைவுக்கு வந்து, சிறிது பயமாகவே இருந்தது.

மறுநாள் அறிவியல் ஆசிரியையாகிய சிஸ்டரிடம் கேட்டேன். கல்லிலிருந்து கதிர் வருவது உண்மைதான் என்று அவர் சொன்னதும் என் பயம் இரட்டிப்பாயிற்று. பயப்படுவதற்கு முன்பு மேரி கியூரி அம்மையாரின் வரலாற்றைப் படித்துவிட்டு வரும்படி கூறி என்னை நூலகத்துக்கு அனுப்பினார். அன்புத் தோழியரே, அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில் 1867ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் அம்மையார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா ஸ்க்லடோவ்ஸ்கா. ஐந்து பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாய் ஒரு பெண்கள் பள்ளியை நடத்தியவர். அக்காலத்தில் நம் நாடு ஆங்கிலேயருக்கு அடிமைப்பட்டிருந்தது போல, அவர்களுடைய நாடு ருஷ்யாவின் ஜார் மன்னருக்கு அடிமைப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் பாடம் நடத்தக் கூடாது. ஆசிரியைகள் ஒளிவுமறைவாகப் போலிஷ் மொழியில் வரலாறு சொல்லிக் கொடுப்பார்கள். இன்ஸ்பெக்டர் வருவதற்கான மணி அடித்ததும் புத்தகங்கள் மறைந்துவிடும். இன்ஸ்பெக்டர் கேட்கும் கேள்விகளுக்கு ருஷ்ய மொழியில் தடுமாறாமல் பதில் சொல்ல எழுப்பப்படுபவள் சிறுமி மரியாதான்!

அவர் சிறுமியாய் இருக்கும்போதே மூத்த அக்காள் ஒருத்தி நச்சுக் காய்ச்சலில் இறந்தாள். பத்து வயதில் தாயையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் தாய் ஆழ்ந்த பக்தி உள்ள கத்தோலிக்கப் பெண்மணி. இந்த இரண்டு சாவுகளுக்குப் பிறகு மரியாவின் மனம் ஜெபத்திலிருந்து விலகிப் போய்விட்டது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதே முறை என்று சிஸ்டரும் சொன்னார்.

1883இல் பள்ளிப் படிப்பைத் தங்கப் பதக்கத்துடன் முடித்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. என் வயது! ஆனால் அதற்கு மேல் படிக்க வழியில்லை. வார்சாப் பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். பாரிசுக்குப் போய்ப் படிக்கலாம் என்றால் தந்தையிடம் பணம் இல்லை. அவருடைய அக்காள் பிரோனியாவுக்கும் இதே நிலை. டாக்டராக வேண்டும் என்பது பிரோனியாவின் ஆசை.

அக்காளும் தங்கையும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் அக்காள் பாரிசுக்குப் போய் மருத்துவம் படிப்பது, தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது, அக்காள் படித்து முடித்ததும் தங்கையை அழைத்துக்கொள்வது என்பதே ஏற்பாடு. அப்படியே மரியா ஒரு கிராமத்துப் பண்ணையார் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையில் அமர்ந்தார். சம்பளத்தில் ஒரு பகுதி பாரிசுக்குப் போயிற்று. பகல் வேலை முடிந்த பிறகு குடியானவர் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். அது ஜார் அரசுக்குத் தெரிந்தால் தண்டனைக்குரிய குற்றம். இரவில் தனியே கணிதம் படித்தார். இப்படியே ஆண்டுகள் ஓடின.

இந்த இடம் வந்ததும் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. எங்கள் வட்டாரம் கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. அப்படி ஒரு வருஷம் அம்மா எட்டாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார். அந்தக் கூலியில்தான் என் சித்தி டீச்சர் டிரெயினிங் முடித்தார். அம்மாவின் முறை பிறகு வரவேயில்லை.

மரியாவின் முறை 1891இல் வந்தது. இருபத்து நான்காம் வயதில் பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்து, மேரி என்று பெயரை எழுதினார். மாடியின் உச்சியில் ஒரு சிறு அறை. குளிர்காலத்தில் கூஜாத் தண்ணீர் உறைந்துவிடும். இருக்கிற துணிகளை எல்லாம் மேலே போர்த்திக்கொண்டு படுப்பார். சரியாகச் சாப்பிடாமல் மயங்கி விழுந்ததும் உண்டு. 1893இல் இயற்பியல் தேர்வில் முதலாவதாகவும், 1894இல் கணிதத் தேர்வில் இரண்டாவதாகவும் தேறினார்.

அந்த 1894இல்தான் பியேர் கியூரி என்னும் விஞ்ஞானியைச் சந்தித்தார். மறு ஆண்டு இருவருக்கும் திருமணம். மணப்பெண் கேட்டது, பிற்பாடு ஆய்வுக்கூடத்திலும் உடுத்திக்கொள்ளக் கூடிய கருநீல உடை ஒன்று. மொய்ப்பணத்தில் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிக்கொண்டு கிராமங்களைச் சுற்றிவந்தார்கள்!

1896இல் ஹென்றி பெக்கரல் என்பவர் யுரேனியம் கலந்த உப்பு தானாகவே ஒரு கதிரை வீசுகிறது என்று கண்டுபிடித்திருந்தார். வெயிலில் வைக்க வேண்டாம், சூடாக்க வேண்டாம். கறுப்புக் காகிதத்தில் சுற்றியிருந்த போட்டோத் தகட்டையும் அது கருக்கிவிட்டது. இந்தக் கதிர் எங்கிருந்து வருகிறது? இதையே மேரி அம்மையார் தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த மகள் ஐரீன் அப்போது கைக்குழந்தை. கிடைத்த இடம் பியேர் வேலை பார்த்த கல்லூரியின் தரைத்தளத்தில் ஈரம் கசியும் ஒரு சாமான் அறை.

அவர் செய்த சோதனை எளியது. இந்தக் கதிர் படும் காற்றில் மிகச் சிறிதளவு மின்சாரம் பாயும். இரண்டு உலோகத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு அமைத்து, கீழ்த் தட்டில் கல்லின் பொடியைப் பரப்பி, பாயும் மின்சாரத்தை அளந்தால் கதிரின் வலிமை தெரியும். ஆனால் அவ்வளவு சிறிய மின்சாரத்தை எப்படி அளப்பது? இங்கே கைகொடுத்தது ஒரு கல்தான். நம் ஊர்க் காடுகளில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் வெங்கச்சங்கல்லின் இனத்தைச் சேர்ந்த குவார்ட்ஸ் என்னும் பளிங்கை அழுத்தினாலோ இழுத்தாலோ அதில் மின்சாரம் தோன்றும். இதை 1880இல் கண்டுபிடித்தவர்கள் பியேரும் அவருடைய அண்ணன் ஜாக்கும். குவார்ட்ஸ் பட்டை ஒன்றில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, அதில் தோன்றும் மின்சாரத்தைக் கொண்டு கதிரின் மின்சாரத்தைச் சரிக்கட்டி அளந்தார் அம்மையார். ஒரு கல்லின் கதிரை இன்னொரு கல் நிறுத்துச் சொன்னது!

அத்தோடு அவர் நின்றிருந்தால் யுரேனியத்தைப் பற்றி ஒரு நல்ல கட்டுரையோடு கதை முடிந்திருக்கும். அவரோ கைக்குக் கிடைத்த உலோகம், உப்பு, தாது எல்லாவற்றையும் அந்தத் தட்டில் வைத்துப் பார்த்தார். பாரிஸ் அருங்காட்சியகத்துக் கற்களும் அதில் அடங்கும். பெரும்பாலானவை சும்மா இருந்தன. யுரேனியமோ தோரியமோ உள்ளவை மட்டும் கதிர் வீசின. சூடாக்கினாலும் வேறு பொருளோடு சேர்த்தாலும் கதிரின் வலிமை மாறவில்லை. எவ்வளவு யுரேனியமோ அவ்வளவு கதிர். அப்படியானால் இது கல்லின் குணமன்று, உள்ளே இருக்கும் அணுவின் குணம் என்று தெளிந்தார். என் மனத்தில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். ரேடியம் இதன் பிறகு வந்தது.

அவர் சோதித்த தாதுக்களில் மோனசைட் என்ற ஒன்றும் உண்டு. அதைத் தேடி நாம் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது நிறைய இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் அதை அங்கே கண்டறிந்தார். அதில் தோரியம் உண்டு. திருவிழாக்களில் எரியும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை மேண்டில் பல காலம் தோரிய உப்பில் நனைத்தே செய்யப்பட்டது. மலைப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைந்து, ஆறுகளால் அடித்துவரப்பட்டு, கடல் அலையால் கொழிக்கப்பட்டு அந்த மணல் சேர்ந்தது. அம்மா முறத்தில் புடைக்கும்போது உமி விலகிக் கனமான மணி நிற்பது போல, அலை கனமான மோனசைட்டைக் கரையில் நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் மலைப் பாறையிலும் அது இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது. எங்கள் வீட்டு மேடையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்ணாடித் துண்டு போல இருப்பது குவார்ட்ஸ். சிவப்பாகவும் வெள்ளையாகவும் இருப்பது பெல்ஸ்பார். மினுமினுக்கும் கறுப்புச் செதில் காக்காப்பொன் இனம். பெல்ஸ்பாரிலும் காக்காப்பொன்னிலும் பொட்டாசியம் உண்டு. பொட்டாசிய அணுக்களில் பத்தாயிரத்தில் ஒன்று கதிர் வீசும் வகை. இவற்றுக்கிடையே கண்ணுக்கே தெரியாத சிறு மணிகளாகச் சிர்க்கான், மோனசைட் முதலிய கனிமங்கள் இருக்கும். யுரேனியமும் தோரியமும் பெரும்பாலும் அவற்றில்தான் குடியிருக்கின்றன. கிரானைட் போன்ற பாறைகளில் மிகச் சிறு அளவு ரேடியம் இருப்பதை இங்கிலாந்தில் ஸ்டிரட் என்பவர் 1906இல் அளந்து காட்டினார். கழுகுமலையில் வெட்டுவான் கோவிலைக் குடைந்தார்களே, அந்தப் பாறையும் இந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் உளி வைத்தபோதும் அது கதிர் வீசிக்கொண்டுதான் இருந்தது.

மீண்டும் பாரிசுக்கு வருவோம். பிட்ச்பிளெண்ட் என்னும் கறுப்புத் தாது கணக்கை மீறிக் கதிர் வீசியது. அதிலுள்ள யுரேனியம் முழுவதையும் தனியே எடுத்து வைத்தாலும் அவ்வளவு வராது. சால்கோலைட் என்ற மற்றொரு தாதுவும் அப்படியே. அம்மையார் அளவில் பிழையோ என்று திரும்பத் திரும்பச் செய்தார். பிறகு சுத்தமான இரசாயனப் பொருள்களைக் கொண்டு சால்கோலைட்டைத் தாமே ஆய்வுக்கூடத்தில் தயாரித்து அளந்தார். அது ஒழுங்காகக் கணக்குப்படியே கதிர் வீசியது! ஆகவே மண்ணிலிருந்து வந்த தாதுவில் இன்னும் யாரும் அறியாத பொருள் ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். பியேர் தம் சொந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு மனைவியோடு சேர்ந்துகொண்டார். 1898 ஜூலையில் ஒரு புதிய தனிமத்தை அறிவித்து, அன்று உலகப் படத்திலேயே இல்லாத தம் தாய்நாட்டின் பெயரால் அதற்குப் பொலோனியம் என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ரேடியத்தை அறிவித்தார்கள்.

அறிவித்தால் போதுமா? பொருளைக் காட்டு என்று இரசாயன அறிஞர்கள் எதிர்பார்த்தார்கள். பொகீமியாவின் ஜோக்கிம்ஸ்தால் சுரங்கத்திலிருந்து, யுரேனியம் எடுத்தபின் கொட்டிய தாதுக் கழிவு பைன் மர இலைகளோடு கலந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வேலை செய்யக் கிடைத்த இடம், முன்பு மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்துப் படித்த கொட்டகை. மழை பெய்தால் ஒழுகும். ஒரு தடவைக்கு 20 கிலோ வரை கொதிக்கவைத்து, தம் உயரத்துக்குச் சமமான இரும்புக் கம்பியால் நாள் முழுவதும் கிளறுவார். நான்கு ஆண்டுகள் இப்படி! 1902இல் டன் கணக்கான கழிவிலிருந்து அவர் பிரித்தெடுத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பு. இரவில் கணவனும் மனைவியும் கொட்டகைக்கு நடந்து போய், விளக்கேற்றாமல், இருட்டில் நீலமாக ஒளிரும் குப்பிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

இங்கே சிஸ்டர் எனக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். பாறைக்குள் 1 கிராம் ரேடியம் இருக்க வேண்டுமானால், உடன் ஏறக்குறைய 3 டன் யுரேனியம் இருக்க வேண்டும். கிரானைட்டில் ஒரு டன்னுக்குச் சுமார் 4 கிராம் யுரேனியம் இருக்கும். அப்படியானால் பத்தில் ஒரு பங்கு கிராம் ரேடியத்துக்கு எவ்வளவு கிரானைட் வேண்டும்? போட்டுப் பார்த்தேன். 75,000 டன். பத்து டன் ஏற்றும் லாரியில் 7,500 லோடு! எங்கள் மேடைப் பலகையை அப்பாவும் மாமாவும் இருவராகத் தூக்கி வந்தார்கள். என் பயம் பாதிக்கு மேல் அந்த விடையிலேயே போய்விட்டது.

1903இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெக்கரலுக்கும் கியூரி தம்பதியருக்கும் கிடைத்தது. முதலில் பரிந்துரைத்தவர்கள் அம்மையாரின் பெயரையே விட்டுவிட்டார்கள். செய்தி அறிந்த பியேர் எழுதிய பிறகே அவர் பெயர் சேர்ந்தது. நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர். ரேடியம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் பெரும் செல்வர்கள் ஆகியிருப்பார்கள். வாங்கவில்லை. 1906 ஏப்ரல் 19ஆம் நாள், மழையில் சாலையைக் கடந்த பியேர் குதிரை வண்டிச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். இரண்டு பெண் குழந்தைகளோடு அம்மையார் தனித்து நின்றார். அந்த நவம்பரில் கணவரின் இடத்தில் சோர்போனில் முதல் வகுப்பு எடுத்தார். பெருங்கூட்டம் கூடியிருந்தது. புகழுரை ஏதும் இல்லாமல், பியேர் நிறுத்திய இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

1911ஆம் ஆண்டை மணியாச்சிக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் 17ஆம் நாள் எங்கள் ரயில் சந்திப்பில்தான் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டுத் தாமும் உயிர்விட்டார். அதே ஆண்டு ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் மேரி அம்மையாரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. பெண் என்பதும் அதற்கு ஒரு காரணம். பத்திரிகைகள் அவரைப் பற்றி அவதூறு எழுதின. வீட்டின் முன் கூட்டம் கூடிக் கூச்சலிட்டது. அந்தப் புயலின் நடுவே டிசம்பரில் சுவீடனுக்குப் போய், வேதியியலுக்கான நோபல் பரிசைத் தனியே பெற்றுவந்தார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அம்மையார் எக்ஸ்ரே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனை மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார். தாமே வண்டி ஓட்டக் கற்றார். பதினேழு வயது ஐரீனும் உடன் போனாள்.

கதிரின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பியேர் தம் கையிலேயே ரேடியத்தை வைத்துக் கட்டிப் புண்ணாக்கிப் பார்த்தார். அதிலிருந்தே புற்றுநோய்க் கட்டியைக் கதிரால் கரைக்கும் சிகிச்சை பிறந்தது. ஆனால் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கடிகார முகப்புக்கு ரேடிய வர்ணம் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தார்கள். 1920களில் அவர்களுடைய தாடை எலும்பு அழுகி, பலர் இறந்தார்கள். பலர் எங்களைவிடச் சற்றே மூத்த பெண்கள். தீப்பெட்டி ஆபீசில் மருந்து நெடியில் இருமிக்கொண்டே வேலை செய்ததை அம்மா சொல்லிக் கேட்டிருப்பதால், இந்தப் பக்கத்தை என்னால் வேகமாகப் புரட்ட முடியவில்லை.

அம்மையாரையும் அந்தக் கதிர் விடவில்லை. விரல் நுனிகள் வெந்து தடித்தன. கண்ணில் புரை விழுந்தது. 1934 ஜூலை 4ஆம் நாள், இரத்தம் ஊறாமல் போகும் நோயால் இறந்தார். அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் இன்றும் ஈயப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஐரீனுக்கும் அவருடைய கணவருக்கும் மறு ஆண்டே நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பார்க்கத் தாய் இல்லை.

பாறையில் பரவிக் கிடக்கும்போது சாதுவாய் இருப்பது, டன் கணக்கில் திரட்டி ஒரு குப்பிக்குள் அடைத்தால் ஆளைக் கொல்கிறது. ஆச்சியிடம் இதைத்தான் சொன்னேன். மோனசைட் மணல் நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் இயற்கைக் கதிர் மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே வாழும் மக்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றேன். நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்திலேயே ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 4,000 அணுக்கள் கதிர் வீசுகின்றன என்றேன். பாறையிலிருந்து ரேடான் என்னும் வாயு கசியுமாதலால் வீட்டில் காற்றோட்டம் வேண்டும், சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றேன். ஆச்சி எதையும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கடைசியில், அவர் ஐம்பது வருஷமாக மசாலா அரைக்கும் அம்மியும் அந்த வகைப் பாறையில் கொத்தியதுதான் என்றேன். அம்மியை ஒரு முறை பார்த்தார், மேடையை ஒரு முறை பார்த்தார். அன்று மாலை மாவுப் பானை மேடைக்கு ஏறிவிட்டது.

இந்தக் கட்டுரையை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ரேடியம், நோபல் பரிசு பற்றியெல்லாம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டபடி கடைசிவரை நடந்துகொண்டார்களா என்று மட்டும் கேட்டார். நடந்துகொண்டார்கள் என்றேன். பாரிசுக்கு வந்துவிடும்படி பிரோனியாவே கடிதம் எழுதித் தங்கையை அழைத்துத் தம் வீட்டில் முதலில் தங்கவைத்தார். 1932இல் வார்சாவில் ரேடியம் நிலையம் திறக்கப்பட்டபோது, அமெரிக்க மக்கள் திரட்டித் தந்த பணத்தில் வாங்கிய ஒரு கிராம் ரேடியத்தை மேரி அம்மையார் அதற்கு வழங்கினார். நிலையத்தின் முதல் இயக்குநர் டாக்டர் பிரோனியா. அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த வார்சா எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, என் அட்லசை மேடைமேல் விரித்து வைத்தார்.